தமிழிற் செபித்த தத்துவ போதகர்

புதுவை நகரினின்று விழுப்புரம் செல்லும் பெருவழியில் மேற்கே சுமார் ஆறு கல் தொலைவில் உள்ளது வில்லியனூர். அவ்வூரின்கண் கோகிலாம்பிகை உடனுறை திருக்காமீசுவரர் கோயில் பன்னூறாண்டுகளாய் ஓங்கி நிற்கின்றது. அதற்குச் சிறிது தொலைவில், 1877ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற லூர்து மாதா திருத்தலம், தன் முன்னே ஒரு திருக்குளமும் கொண்டு விளங்குகின்றது. இரண்டிற்கும் தேர் உண்டு. இரண்டிற்கும் திருவிழாக் கூட்டம் உண்டு. எம் சிற்றூர் அவ்வூருக்கு அணித்தே வயல்களினிடையே அமைந்தது. அந்தி சாயும்போது காற்று இசைந்தால் இரண்டு கோயில் மணிகளும் எம் வீட்டுத் திண்ணையிற் கேட்கும். அவ்வோசை கேட்டவுடன் என் பாட்டியார் (எங்கள் பக்கத்தில் ஆயா என்போம்) கையிலுள்ள வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்று திரிகால செபம் சொல்லுவார்.

அச்செபத்திலே சர்வேசுரன் வருவார், இஷ்டப்பிரசாதம் வரும், அர்ச்சியசிஷ்டவர்கள் வருவார்கள். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்த புதிதில் யான் கொண்டிருந்த செருக்கிற்கு அளவில்லை. இச்சொற்கள் ஒன்றேனும் தமிழ் அல்ல என்றும், இறைவன், அருள், புனிதர் என்று சொல்லுவதே முறை என்றும், இப்போது கோயிலிலும் அவ்வாறே சொல்லப்படுகின்றது என்றும் ஒருநாள் ஆயாவுக்கு எடுத்துரைத்தேன். அவர் மறுமொழி ஒன்றும் கூறவில்லை; செபமாலையின் எஞ்சிய மணிகளைத் தம் பழைய சொற்களாலேயே முடித்துக்கொண்டு உள்ளே சென்றார். அவருடைய மௌனம் என்னை உறுத்தியது. இச்சொற்கள் எங்கிருந்து வந்தன, யார் கொணர்ந்தார், எதற்காகக் கொணர்ந்தார் என்று தேடத் தொடங்கினேன். அத்தேடலின் பயனே தத்துவ போதக சுவாமிகள் எனத் தமிழ் மக்கள் அழைத்த இராபர்ட் தெ நொபிலியாரின் சரித்திரமாகிய இக்கட்டுரை.

பிறப்பும் துறவும்

நொபிலியார் 1577ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இத்தாலி நாட்டிலே உயர்குடியொன்றில் தோன்றினார். அக்குடியின் பூர்வீகம் தஸ்கனி நாட்டு மொந்தெபுல்சியானோ என்னும் ஊர். பாப்பரசர் மூன்றாம் ஜூலியுஸ் அக்குடியின் உறவினர். பேரறிஞராகிய கர்தினால் பெல்லார்மீன் என்பாரும் உறவினரே. மூத்த மகனாகப் பிறந்த இவர் குடியின் பெயரைத் தாங்கி, படையிலோ அரண்மனையிலோ உயர் பதவி பெறுவார் என்று சுற்றத்தார் எதிர்பார்த்திருந்தனர். இவரோ ஏறத்தாழப் பத்தொன்பதாம் வயதில், சுற்றத்தார் தடுத்தும் கேளாது, நேப்பிள்ஸ் நகரில் இயேசு சபையிற் புகுந்தார். யானும் இப்போது அவ்வயதினன். வீட்டாரை எதிர்த்து விடுமுறைப் பயணம் ஒன்று செல்லுதற்கும் துணிவில்லாத எனக்கு அவர் துணிவு வியப்பைத் தருகின்றது.

உரோமையில் வேதசாஸ்திரம் பயின்று 1603ஆம் ஆண்டிற் குருப்பட்டம் பெற்ற நொபிலியார், 1604ஆம் ஆண்டு லிஸ்பன் துறைமுகத்திற் கப்பலேறினார். மொசாம்பிக் அருகே கப்பல் உடைந்தது. உயிர் தப்பி, அங்கே தங்கி, 1605ஆம் ஆண்டு மே மாதம் கோவை என்று அக்காலத்துத் தமிழர் வழங்கிய கோவா நகரை அடைந்தார். கொச்சியிலும் பின்னர் முத்துக்குளித்துறையிலும் சில மாதங்கள் தங்கித் தமிழ் பயின்று, 1606ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மதுரைமாநகர் புக்கார்.

கடற்கரையில் எழுந்த செபங்கள்

மதுரையில் அவர் செய்ததன் அருமையை உணர்தற்கு, அவருக்கு முன்னர்த் தமிழிற் கிறிஸ்தவ செபம் எந்நிலையில் இருந்தது என்று சிறிது அறிதல் வேண்டும்.

1542ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், இருமொழியும் ஓரளவு அறிந்தோரைக் கூட்டிவைத்து விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், பத்துக் கட்டளைகள் முதலியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியை ஏந்தித் தெருத்தெருவாய்ச் சென்று சிறுவர்களைக் கூட்டி அவற்றைக் கற்பித்தார். ஆயின் அம்மொழிபெயர்ப்பில், விசுவசிக்கிறேன் என்று இருக்கவேண்டிய இடத்தில் வேண்டும் என்னும் சொல் புகுந்துவிட்டது. நம்புவதும் விரும்புவதும் வேறென்பது யாவரும் அறிந்ததே. 1544ஆம் ஆண்டில் அப்பிழையை உணர்ந்து திருத்திக்கொள்ளுமாறு தம் உடனுழைப்பாளருக்கு அவர் எழுதினார். ஒரு சொல் பிழைத்தால் ஒரு மக்கட்கூட்டம் முழுவதும் தன் விசுவாசத்தைப் பிழைபடக் கூறும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை இலக்கண முறையாகக் கற்றார். அவர் தமிழாக்கிய தம்பிரான் வணக்கம் என்னும் பதினாறு பக்கச் சிறுநூல் 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சேறிற்று. இந்திய நாட்டில் இந்திய மொழியொன்றின் எழுத்தால் அச்சான நூல்களுள் இன்று கிடைப்பனவற்றில் முந்தியது அதுவே. தம்பிரான் என்பது சைவ மடங்களிலும் வழங்கும் சொல். வணக்கம் என்பது தூய தமிழ்ச்சொல். எனவே தமிழ்ச் சொல்லைத் தேடும் முயற்சி நொபிலியாருக்கு முன்னரே தொடங்கிவிட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

ஆயினும் கடற்கரைக் கோயில்களிலே போர்த்துக்கீசியச் சொற்களே பெருக வழங்கின. திவ்விய பலிபூசைக்கு அவர் மொழியில் வழங்கும் மிசா என்னும் சொல் தமிழர் செவியில் மீசை என்றே விழுந்தது. குருவானவர் மீசை வைக்கப் போகின்றார் என்று கேட்ட உள்நாட்டார் நகைத்திருந்தால் அது அவர் குற்றமாகுமோ?

மதுரையிற் கண்டது

நொபிலியார் வருதற்கு முன் ஏறத்தாழப் பதினோராண்டுகள் மதுரையில் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் போர்த்துக்கீசிய அடிகளார் பணிபுரிந்து வந்தார். முன்னர்ப் போர்வீரராக இருந்தவர், நேர்மையாளர், பள்ளியும் மருத்துவ உதவியும் நடத்தியவர். அவர்பால் நாயக்கர்க்கு மதிப்பு இருந்தது. எனினும் கடற்கரையினின்று வந்து தங்கிய பரதவ மக்களேயன்றி, மதுரை மக்களுள் ஒருவரேனும் அவரிடம் வந்து திருமறையைத் தழுவவில்லை.

இதற்குக் காரணம் யாது என்று நொபிலியார் ஆராய்ந்தார். மக்கள் போர்த்துக்கீசியரைப் பறங்கியர் என்று அழைத்தனர். அச்சொல்லுக்கு அக்காலத்து மதுரையில் மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், நீராடாதவர் என்பதே பொருளாயிருந்தது. கிறிஸ்து மார்க்கமோ பறங்கி மார்க்கம் எனப்பட்டது. அதனினும் வருந்தத்தக்கது, ஞானஸ்நானம் பெற வருவோரிடம் பறங்கிக் குலத்திற் சேர விரும்புகின்றாயா என்னும் பொருள்படவே கேள்வி கேட்கப்பட்டமை. கிறிஸ்து அழைப்பது தம்மிடத்திற்கு. அச்சொல்லோ அழைத்தது ஐரோப்பியர் சாதிக்கு. வாயில் தவறாக அமைந்திருந்தமையால் உள்ளே நுழைவார் இலராயினர்.

காவியும் கமண்டலமும்

தம் மேலோரின் இசைவு பெற்று நொபிலியார் தம் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார். கறுப்பு அங்கியைக் களைந்து காவியுடுத்தார். பாதக்குறடு அணிந்து கமண்டலம் ஏந்தினார். புலால் நீக்கி, நாளொன்றுக்கு ஒரு வேளை மட்டும் சோறும் காய்கறியும் உண்டார். தாம் பறங்கியர் அல்லர், உரோமாபுரியில் அரச மரபிற் பிறந்து துறவு பூண்டவர் என்பதை ஓலையில் எழுதித் தம் வாயிலில் அறிவித்தார். முதலிற் சிலகாலம் அவர் அணிந்த பூணூல் ஐந்திழையாலாயது. மூன்று பொன்னிழைகள் பிதா சுதன் பரிசுத்த ஆவியாகிய திரித்துவத்தையும், இரண்டு வெள்ளியிழைகள் கிறிஸ்துநாதரின் உடலையும் ஆன்மாவையும் குறித்தன. அதிற் சிலுவையொன்று தொங்கிற்று. பழைய அடையாளத்தைக் கைக்கொண்டு அதற்குப் புதிய பொருளை அளிப்பதே அவர் கொண்ட நெறி.

வேடம் மட்டும் போதாதென்று அவர் அறிந்திருந்தார். தமிழை ஆழக் கற்றார்; தெலுங்கும் பயின்றார். சிவதர்மர் என்னும் தெலுங்கு அந்தணரிடம் வடமொழி பயின்று, அயலார்க்கு எட்டாதிருந்த வேத நூல்களையும் அறிந்தார். எம் பகுதியிலுள்ள பாகூரில், ஒன்பதாம் நூற்றாண்டிற் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், வித்தியாஸ்தானம் என்னும் கல்லூரிக்கு மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறும். அத்தகைய நிலையங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த கல்விக் கருவூலத்தின் கதவை ஐரோப்பியர் ஒருவர் மாணாக்கராய் நின்று தட்டியது அக்காலத்தார்க்குப் புதுமையே.

முதலில் மனம் மாறியவர் ஒரு பள்ளி ஆசிரியர். சுமார் இருபது நாட்கள், நாள்தோறும் பல நாழிகை, இருவரும் கடவுளைப் பற்றியும் ஆன்மாவைப் பற்றியும் மறுபிறப்பைப் பற்றியும் வாதித்த பின்னரே அவர் ஞானஸ்நானம் பெற்றார். சிவதர்மரும் 1609ஆம் ஆண்டிற் குடுமியும் பூணூலும் நீக்காமலே திருமறையைத் தழுவினார்.

மந்திரமும் உரையும்

இனி, என் தேடலுக்கு விடையாயமைந்த பகுதிக்கு வருகின்றேன். செபம் என்பது தனித்து நிற்பதன்று. ஒரு நாட்டு மக்கள் பன்னெடுங்காலமாய் வானோக்கிக் கூறிவந்த சொற்களின் நடுவிலேதான் புதிய செபமும் பிறக்கவேண்டும். மதுரை மக்களுக்குச் செபம் என்றால் மந்திரம், பூசை, காலை, நண்பகல், மாலை என்னும் மூன்று சந்தி வழிபாடு, மணிமாலை உருட்டுதல், நீராடித் தூய்மையடைதல். இவற்றை முற்றும் விலக்கினால் மக்களுக்கு நாவே இராது. முற்றும் ஏற்றுக்கொண்டால் சொல்லுதற்குப் புதுச்செய்தி இராது. இவ்விரண்டிற்கும் நடுவே நொபிலியார் வழி வகுத்தார்.

எல்லாவற்றிற்கும் தலைவர் என்னும் பொருளுடைய சர்வேசுரன் என்னும் சொல்லைக் கடவுளுக்கு ஆண்டார். மிசா மறைந்து பூசை வந்தது. ஞானஸ்நானம், குரு, வேதம், பிரசாதம், செபம் என்னும் சொற்கள் அவராலும் அவர் வழிவந்தோராலும் கிறிஸ்தவ வழக்கில் வேரூன்றின. சிறப்பாக நோக்கத்தக்கது மந்திரம் என்னும் சொல். கர்த்தர் கற்பித்த செபத்தைப் பரலோக மந்திரம் என்றும், தேவமாதாவை நோக்கிய செபத்தைப் பிரியதத்த மந்திரம் என்றும் நம் முன்னோர் வழங்கினர். மந்திரமோ குருவினிடம் செவிவழி பெற்று மறைவாய்க் காக்கப்படுவது. தகுதியுடையார்க்கன்றிப் பிறர்க்கு உரைக்கப்படாதது. ஒலியிலேயே ஆற்றலுடையதாகக் கருதப்படுவது. நொபிலியார் அச்சொல்லை எடுத்துக்கொண்டார். ஆனால் அதன் மறைவை நீக்கினார். மந்திர வியாக்கியானம் என்னும் நூலால் கிறிஸ்தவ செபங்களுக்கு உரை கண்டு, சொல்லுவோர் பொருளுணர்ந்து சொல்லுமாறு செய்தார். பொருளறியாது மிகப் பேசுதலைக் கிறிஸ்துநாதர் தாமே கண்டித்து, அதன் பின்னரே தம் செபத்தைக் கற்பித்தார் என்பது சுவிசேஷம் கற்றோர் அறிந்தது. ஞானோபதேசம், ஆத்தும நிருணயம், தூஷண திக்காரம் முதலிய உரைநடை நூல்கள் பலவும் அவர் இயற்றினார். செய்யுளே நூலெனக் கருதப்பட்ட காலத்தில் தத்துவப் பொருளை உரைநடையில் எழுதிய அவரைத் தமிழ் உரைநடை வரலாறு மறத்தலாகாது.

ஒன்று கூறாவிடின் உண்மைக்கு மாறாகும். பலிபூசையின் மொழி அவர் காலத்திலும் இலத்தீனே. பீடத்திற் குருவானவர் இலத்தீனிற் செபிக்க, மக்கள் தம் தமிழ் மந்திரங்களைச் சொல்லினர். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னரே பீடத்திலும் தமிழ் ஒலித்தது.

வழக்கும் தீர்ப்பும்

பெர்னாண்டஸ் அடிகளார்க்கு இவையெல்லாம் பெருங் கலக்கத்தை விளைத்தன. உடன்பிறப்புப் போன்ற குரு ஒருவர் தம்மோடு உண்ணாது, தம் கோயிலுக்கு வாராது, தனியே வாழ்தல் அவருக்கு எங்ஙனம் பொறுக்கும்? 1610ஆம் ஆண்டில் அவர் மேலோர்க்கு முறையீடு அனுப்பினார். உரோமையிலிருந்த கர்தினால் பெல்லார்மீனும் முதலில் வந்த செய்திகளை நம்பி மனம் நொந்தார். பின்னர் உண்மை உணர்ந்து நொபிலியார்க்குத் துணை நின்றார். வழக்கு ஆண்டுக்கணக்காய் நீண்டது. 1619ஆம் ஆண்டு கோவா நகரிற் கூடிய அவையில் நொபிலியார் தம் காவியுடையுடனேயே தோன்றி வாதித்தார். அங்கே பெரும்பாலோர் அவருக்கு மாறாகவே நின்றனர்.

அவர் காட்டிய சான்றுகளுள் வலிமையுடையவை பண்டைத் திருச்சபையின் வழக்கங்களே. ஆதிக் கிறிஸ்தவர் செபித்த முறை வானினின்று புதிதாய் இறங்கியதன்று. யூதர் நாள்தோறும் குறித்த வேளைகளிற் செபித்தனர். அப்போஸ்தலரும் அவ்வேளைகளிலேயே தேவாலயத்திற்குச் சென்றனர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். பழைய கிறிஸ்தவ நூல்களுள் ஒன்றாகிய திதாக்கே, கர்த்தர் கற்பித்த செபத்தை நாளொன்றுக்கு மும்முறை சொல்லப் பணிக்கின்றது. யூதர் திங்களும் வியாழனும் நோன்பிருக்க, கிறிஸ்தவர் புதனும் வெள்ளியும் நோன்பிருக்கக் கட்டளையிடுகின்றது. வழக்கம் ஒன்றே, நாள் மட்டும் வேறு. கைகளை உயர்த்திச் செபித்தல் கிரேக்கர்க்கும் உரோமர்க்கும் யூதர்க்கும் பொது. உரோமாபுரிச் சுரங்கக் கல்லறைகளின் ஓவியங்களிற் கிறிஸ்தவரும் அவ்வாறே நிற்கின்றனர். ஞாயிறு எழும் கிழக்கை நோக்கிப் பிறர் வணங்க, கிறிஸ்தவரும் கிழக்கு நோக்கினர். ஆயின் அவர்க்கு அது மீண்டும் வருகின்ற கிறிஸ்துவின் திசையாயிற்று. சக்கிரமெந்து என்னும் திருச்சொல்லோ உரோமைப் போர்வீரன் செய்யும் ஆணையைக் குறித்த சொல். உரோமைத் திருச்சபையே முதற்கண் கிரேக்கத்திற் செபித்து, நான்காம் நூற்றாண்டளவிற்றான் மக்கள் மொழியாகிய இலத்தீனுக்கு மாறிற்று. 601ஆம் ஆண்டில் பாப்பரசர் பெரிய கிரகோரியார், இங்கிலாந்திற் பழைய கோயில்களை இடியாது தூய்மை செய்து கிறிஸ்தவ வழிபாட்டிற்குக் கொள்ளுமாறு பணித்தார். உரோமைக்கும் இங்கிலாந்துக்கும் பொருந்திய நெறி மதுரைக்கு மட்டும் பொருந்தாதோ என்பதே நொபிலியார் வாதத்தின் சாரம்.

1623ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் தீர்ப்பளித்தார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றைக் கிறிஸ்தவர் கைக்கொள்ளலாம். ஆயின் பழைய மந்திரங்கள் நீங்கிக் கிறிஸ்தவ செபமே அவ்விடத்தில் வரவேண்டும். கோயிற் சடங்குகளோடு கலத்தலாகாது. அத்தீர்ப்பில் இன்னுமொன்று உண்டு. உயர்குலத்தார் எனப்படுவோர் தாழ்ந்தோர் எனப்படுவோரை இகழாது, கோயிலில் அவரோடு ஒருங்கிருந்து தேவவாக்கியம் கேட்குமாறும் பாப்பரசர் அறிவுறுத்தினார். முற்பகுதியை யாவரும் மகிழ்ந்து ஏற்றனர். பிற்பகுதி ஏட்டளவில் நின்றது.

இறுதி நாட்கள்

தீர்ப்பு வந்தபின் நொபிலியார் மதுரையோடு நில்லாது சேந்தமங்கலம், சேலம், திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களுக்கும் நடந்து சென்றார். 1640ஆம் ஆண்டளவில் பண்டாரசுவாமிகள் என்னும் மற்றொரு வகைக் குருமார் தோன்றினர். சந்நியாசிக் குருமார் மேற்குலத்தாரிடையே இருக்க, இவர் பிற குலத்தாரிடையேயும் தாழ்த்தப்பட்டோரிடையேயும் பணிபுரிந்தனர். அவ்வாண்டிலேயே நொபிலியார் மதுரையிற் சிறைப்பட்டுத் துன்புற்றார். முதுமையிற் கண்ணொளி மங்கியது. யாழ்ப்பாணத்திற்கு அனுப்பப்பட்டுச் சில ஆண்டுகள் அங்கிருந்து, பின்னர் மயிலாப்பூரை அடைந்தார். அங்கே குடிசையொன்றில், முன்போலவே மரக்கறி உணவுண்டு, பார்வையின்றி வாழ்ந்து, 1656ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், தம் எழுபத்தெட்டாம் வயதில், இறைவனடி சேர்ந்தார். தமிழகத்திற்கு வந்தபின் தாய்நாட்டை அவர் மீண்டும் கண்டிலர்.

புதுவையில் எழுந்த வினா

அவர் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, அவர் வகுத்த நெறி புதுவையிலே மீண்டும் வழக்குமன்றம் ஏறிற்று. பாப்பரசரின் தூதராகிய தூர்னோன் என்பார் சீன நாட்டிற்குச் செல்லும் வழியில் 1703ஆம் ஆண்டு நவம்பரிற் புதுவையில் இறங்கினார். நோயுற்று அங்கே ஏறத்தாழ எட்டு மாதம் தங்கி, 1704ஆம் ஆண்டு சூன் மாதம் ஒரு கட்டளை பிறப்பித்தார். நீறணிதல் முதலிய வழக்கங்களை அது தடுத்தது. தாழ்த்தப்பட்ட நோயாளர் வீட்டிற்குள் குருமார் செல்லவேண்டும் என்றும் பணித்தது. 1744ஆம் ஆண்டிற் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் அவ்வழக்கிற்கு இறுதி முடிவு கூறினார். இவ்வழக்கங்களுக்கு எதிராகக் குருமார் செய்யவேண்டியிருந்த ஆணை 1940ஆம் ஆண்டிற்றான் நீக்கப்பட்டது.

மற்றொரு பழியும் புதுவையிலிருந்தே கிளம்பியது. எசூர்வேதம் என்னும் பிரெஞ்சு நூலொன்று 1760ஆம் ஆண்டில் வோல்த்தேரின் கைக்கு எட்டியது. அவர் அதைப் பண்டை இந்திய வேதம் என்றே நம்பினார். பின்னர் எல்லிஸ் துரை புதுவையில் அதன் கைப்படிகளைக் கண்டு, அது கிறிஸ்தவக் குருமாரின் படைப்பே என்று காட்டியதுடன், நொபிலியாரே அதன் மூலகர்த்தா என்றும் கருதினார். அவர் கட்டுரை 1822ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்நூல் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் குருமாரின் வேலை என்றும், நொபிலியார்க்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் பிற்கால ஆராய்ச்சியாளர் தெளிவுபடுத்திவிட்டனர்.

இப்பழி நீங்கிற்று. ஆயின் நீங்காத குறையொன்று உண்டு. அதனை மறைத்து இச்சரித்திரத்தை முடித்தல் எனக்கு ஒவ்வாது. நொபிலியார் சாதியை நாட்டு வழக்கம் என்றே கருதினார். அது உலகியல் முறை, சமய முறையன்று என்று வாதித்தார். செபத்தின் சொற்களைத் தூய்மை செய்து கொண்டவர், சாதியை அதன் மாசுடனேயே விட்டுவைத்தார். குருமாரும் இருவகையாயினர், கோயில்களும் தனித்தனியாயின. 1745ஆம் ஆண்டிற் புதுவைக் கிறிஸ்தவரிடையே, கோயிலுக்குள் சாதி பற்றி எழுப்பப்பட்டிருந்த சுவர் குறித்து எழுந்த பூசலை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். எங்கள் குடி அச்சுவரின் எப்புறத்தைச் சேர்ந்தது என்று கூறவேண்டுவதில்லை. ஆயா சிறுமியாய் இருந்த காலத்திலும், ஊர்ப் பெயர் வேண்டா, ஒரு கோயிலில் அவரும் அவர் தாயாரும் தனித்த ஓரிடத்திலேயே முழந்தாளிட்டனர். அங்கே முழந்தாளிட்டபடி அவர் சொல்லியதும், முன்வரிசையில் இருந்தோர் சொல்லியதும் ஒரே பரலோக மந்திரமே. எல்லாரும் ஒரே பிதாவின் மக்கள் என்று அறிவிப்பது அம்மந்திரத்தின் முதற்சொல். சுவரைத் தாண்டிச் சென்றது அச்சொல் ஒன்றே.

எனவே நொபிலியாரை யான் எங்ஙனம் மதிப்பது? அவர் காலத்தின் எல்லையை அவர் தாண்டவில்லை என்று கூறி விடுத்தல் எளிது. ஆயின் அவர் தாண்டிய எல்லைகளோ பல: கடலைத் தாண்டினார், மொழியைத் தாண்டினார், தம் நாட்டாரின் செருக்கைத் தாண்டினார். அத்துணை தாண்டியவர் இதனையும் தாண்டியிருக்கலாகாதோ என்னும் ஏக்கம் என்னுள் நிற்கின்றது. அதே வேளையில், அவர் திறந்து வைத்த மந்திரத்தின் பொருளே பின்னாளிற் சுவருக்கு எதிரான சான்றாயிற்று என்பதையும் மறுக்க இயலவில்லை. மந்திரம் மறைபொருளாகவே இருந்திருப்பின் எம் ஆயாவின் கைக்கு அது எட்டியிராது. நொபிலியார்க்கு யான் நன்றி கூறுவதும் அவரோடு வழக்காடுவதும் இதன்பொருட்டே.

சென்ற விடுமுறையில் ஆயாவின் அருகமர்ந்து, அவர் அறிந்த பழைய மந்திரங்களையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். சொல்லின் வரலாறு அறியாது திருத்தப் புகுந்த என் பிழையையும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தார். கோயிலில் இறைவன் என்று சொல்லும்போது தாமும் இறைவன் என்றே சொல்லுவதாகவும், வீட்டில் மட்டும் தம் தாயார் சொல்லித்தந்தபடி சொல்லுவதாகவும், இருவரும் ஒருவரே என்று தமக்குத் தெரியும் என்றும் கூறினார். நானூறு ஆண்டுகளாய் அறிஞர் ஆராய்ந்த பொருளை அவர் அரிசி புடைத்துக்கொண்டே சொல்லி முடித்தார். இப்போது திருவிழா நாட்களில் அவர் கோயிலின் முன்வரிசையிலேயே அமர்கின்றார். அவரை எழச்சொல்லுவார் எவருமிலர்.

அந்தி மணி ஒலிக்கின்றபோது, வில்லியனூர்ப் பக்கத்து வயல்வெளியில் இரண்டு கோயில்களின் ஓசையும் கலந்தே வருகின்றன. அவ்வோசைகளினிடையே நின்றுதான் எங்கள் செபம் தன் சொற்களைக் கற்றுக்கொண்டது. அச்சொற்களைத் தேடித் தந்த தத்துவ போதகரின் பெயர் நிலைக்க. அவர் இடியாது விட்ட சுவர் எங்கெங்கு எஞ்சியுள்ளதோ அங்கெல்லாம் அதனை இடிக்கும் கடன் நம்முடையதாகுக.